கொருக்குப்பேட்டை, பன்னிரண்டு நிமிடம்

தப்பா நெனைச்சுக்காதீங்க சார். எட்டிப் பாக்கணும்னு பாக்கல. வண்டி குலுக்குன குலுக்குல உங்க நோட்டு என் மடியில வந்து விழுந்துச்சு, கண்ணு தானா போயிருச்சு. சென்னை, ஒரு நாள், பதினாலு பேரு, வேன். அப்படித்தான எழுதியிருக்கீங்க? அதுக்குக் கீழ வண்டலூர், மெரினா, தி.நகர், ரெண்டு கோயிலு. எடத்தோட பேரெல்லாம் இருக்கு. நேரம் எங்க சார்? ஒரு எடத்துக்குப் பக்கத்துலகூட மணி போடல. இதுக்குப் பேரு பிளானா? இது மளிகைக் கடைச் சீட்டு.

கோவிச்சுக்காதீங்க. எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும். பேரு கலியபெருமாள். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுல வந்து பேரச் சொன்னா தெரியாது, டைம்கீப்பர்னு சொல்லுங்க, தெரியும். பதினோரு வருஷம் கண்டக்டரு, இருபத்திரண்டு வருஷம் டைம்கீப்பரு. வண்டி வந்த மணி, எடுத்த மணி, ஒவ்வொண்ணும் என் கையாலதான் எழுதணும். என் விசிலு இல்லாம ஒரு வண்டி பின்னால நகர்ந்தது கெடையாது. டிரைவருங்க என்னைப் பாத்து டீ கிளாஸக் கீழ வச்சுட்டு ஓடுவானுங்க. இப்ப பாருங்க, இந்த வண்டி கிளம்பும்போதே ஒம்பது நிமிஷம் லேட்டு. யாரு கேக்குறது? கண்டக்டரு என்னடான்னா செல்போனப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கான்.

நான் போட்டேன் சார் பிளானு. போன புரட்டாசியில. அதக் கேட்டுட்டு அப்பறம் உங்களத எழுதுங்க.

எதுத்த வீடு ஜோதிலிங்கம். அவனும் ரிட்டயர்டு கண்டக்டர்தான், எங்கூட வேலை பாத்தவன். ஒரு நா வந்து, டைம்கீப்பரே, நம்ம தெருவுல பாதிப் பொம்பளைங்க மெட்ராஸையே பாக்கல, ஒரு வேனப் புடிச்சு ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துருவோம்னான். சரிடா, பிளான் என்னன்னு கேட்டேன். போவோம், பாப்போம், பசிச்சா சாப்புடுவோம், இருட்டுனா திரும்புவோம்னான். இவனெல்லாம் எப்படி இருபத்தஞ்சு வருஷம் டிக்கெட் கிழிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நீ பேசாம இரு, நான் போடுறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மூணு நாள் ஒக்காந்தேன் சார். டிரிப் ஷீட்டு மாதிரியே கோடு கிழிச்சு, எடம், சேருற நேரம், எடுக்குற நேரம், நிக்கிற நிமிஷம்னு நாலு கட்டம். மூணே முக்காலுக்குப் புறப்பாடு. விக்கிரவாண்டியில டீ, ஏழு நிமிஷம். கிண்டி பாம்புப் பண்ணை முப்பத்தஞ்சு. மயிலாப்பூர் கோயிலு இருபத்தஞ்சு, பிரகாரம் ஒரு சுத்து மட்டும். மெரினா நாப்பது, அதுல தண்ணியில கால் நனைக்கப் பத்து. எழும்பூர் மியூசியம் முப்பது. அப்பறம் சென்ட்ரல், ஐகோர்ட்டு, கோட்டை இதெல்லாம் வண்டியில இருந்தபடியே, இடது பக்கம் பாக்கவும்னு எழுதினேன். ஜோதிலிங்கம் சம்சாரம் வந்து, வலது பக்கம் ஒக்காந்தவங்க என்ன பண்றதுங்கண்ணான்னு கேக்குது. திரும்பி வரும்போது அதெல்லாம் வலது பக்கம் வரும்ல, அப்பப் பாருங்கன்னேன். இதுகூட யோசிக்க மாட்டாங்க. ஒம்பதரைக்கு ஊரு. பதினோரு காப்பி ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு குடுத்தேன். யாரு படிச்சா? ஒருத்தர் வீட்டுல அதுல முறுக்க மடிச்சு வச்சிருந்தாங்க, நானே பாத்தேன்.

படிச்சது ஒரே ஆளு. என் சம்சாரம்.

பேரு அஞ்சலாட்சி. அதிகம் பேசுற ஆளு கெடையாது. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல அது வேணும் இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டதில்ல. அந்தக் காகிதத்த மேல இருந்து கீழ வரைக்கும் விரல வச்சுப் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு, கொருக்குப்பேட்டை இதுல இல்லிங்களேன்னா.

கொருக்குப்பேட்டை. நீங்களே சொல்லுங்க சார், மெட்ராஸப் பாக்கப் போறவன் எவனாவது கொருக்குப்பேட்டையப் பாக்கப் போவானா? என்ன இருக்கு அங்க? ரயில்வே கேட்டு இருக்கு. அத நம்ம ஊர்லயே பாத்துக்கலாம்.

விஷயம் எனக்குத் தெரியும். அவ தங்கச்சி தனகோட்டி அங்கதான் இருக்கா. கூடப் பொறந்தது அவ ஒருத்திதான், அண்ணன் தம்பி கெடையாது, தாய் தகப்பனும் போய்ச் சேந்தாச்சு. தங்கச்சி புருஷன் ஏகாம்பரம் அச்சாபீஸ்ல வேலை பாத்தான். நான் ஒண்ணும் அவங்களோட சண்டை போட்டதில்ல சார், அத நீங்க தெரிஞ்சுக்கணும். பதினோரு வருஷத்துக்கு முன்னால அவங்க பொண்ணுக்குக் கல்யாணம் வச்சாங்க. பத்திரிகை எப்படி வந்துச்சு தெரியுமா? தபால்ல. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, ஸ்டாம்பு ஒட்டி, தபால்காரன் சைக்கிள்ல கொண்டாந்து போடுறான். மூத்த மாப்பிள்ளை சார் நான். தட்டு வச்சு, வெத்தலை பாக்கு பழம் வச்சு, புருஷன் பொண்டாட்டியா வந்து நின்னு கூப்புடணுமா வேணாமா? மில்லுக்காரனுக்கும் மாவுக்கடைக்காரனுக்கும் தபால்ல அனுப்பு, எனக்கும் தபாலா? அச்சாபீஸ்ல ராத்திரி பகலா வேலை, லீவு கெடைக்கலன்னு அப்பறம் போன்ல சொன்னான். எனக்கும்தான் லீவு கெடைக்காது. நான் போகல. அவளையும் விடல. அதோட அந்த வீட்டுக்கும் நமக்கும் போக்குவரத்து இல்ல.

வேன்ல போறதுக்கு எட்டு மாசம் முன்னால, தை மாசத்துல, அந்த ஏகாம்பரம் செத்துப் போயிட்டான். நெஞ்சு வலி. அதுக்காவது ஆள் அனுப்பிச் சேதி சொல்லணும்ல? சாவு சேதி நேர்ல வந்து சொல்றதுதான எங்க பக்கத்து வழக்கம். அதுவும் போன்ல. அதுவும் எனக்கு இல்ல, ஜோதிலிங்கத்துக்கு. போன்ல வந்த துக்கத்தப் போன்லயே கேட்டுக்கோன்னு அஞ்சலாட்சிகிட்ட சொல்லிட்டேன். நியாயந்தான? கருமாதிக்கும் போகல. புருஷன் செத்தா பொறந்த வீட்டுலேருந்து கோடிப் புடவை எடுத்துப் போடணும். போட ஆள் இல்லாம தனகோட்டி நின்னாளாம், பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எடுத்துப் போட்டாளாம். இத இவகிட்ட யாரு சொன்னாங்கன்னு தெரியல. மறுவாரமே ஒரு புடவை எடுத்துட்டு வந்து பீரோவுல வச்சா. நான் எதுக்குன்னு கேக்கல, கேட்டா பேச்சு வளரும்.

அதுதான் விஷயம். கொருக்குப்பேட்டைன்னு அவ சொன்னதும் எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. ஊர் சுத்திப் பாக்கப் போற வேனு, எழவு கேக்குறதுக்கா அதுன்னேன். அவ ஒரே வார்த்தைதான் சொன்னா.

"அரை மணி நேரம் போதுங்க. அவ கையப் புடிச்சு அழுதுட்டு வந்துர்றேன்."

நானும் மனுஷன்தான் சார். எட்டு மாசமாச்சு, போய்த் தொலையட்டும்னு யோசிச்சேன். ஆனா எங்க போடுறது? துக்கம் கேட்டுட்டு வேற எங்கயும் போகக் கூடாது, கோயிலுக்குப் போகவே கூடாது, நேரா வீட்டுக்கு வந்து தலை முழுகணும். அதுல தெருவே கறாரு. ஜோதிலிங்கம் சம்சாரம் முன்னாடியே சொல்லிருச்சு, எழவு வீட்ட மொதல்ல வச்சா நாங்க வரலன்னு. அதனால கடைசி. மியூசியத்துக்கு அப்பறம் கொருக்குப்பேட்டை, அங்கேருந்து நேரா ஊரு. எவ்ளோ நிமிஷம்? கூட்டிக் கழிச்சுப் பாத்தேன். சந்துக்குள்ள வேன் போகாது. மெயின் ரோட்டுல எறங்கி நடக்க ரெண்டு நிமிஷம், திரும்ப ரெண்டு நிமிஷம், நடுவுல எட்டு. மொத்தம் பன்னிரண்டு. கொருக்குப்பேட்டை, பன்னிரண்டு நிமிடம்னு பேனாவால சேத்து எழுதிக் குடுத்தேன். எட்டு நிமிஷம் அழுதா பத்தாதா சார்? அரை மணி நேரம் யாரு அழுவா?

சரிங்கன்னா. காகிதத்த மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா. அவ்ளோ பெரிய மனசு எனக்கு, அத ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

அன்னிக்கு மூணே முக்காலுக்கு எல்லாரும் வந்து நின்னாங்களான்னா, நாலே காலு. ஜோதிலிங்கம் வெத்தலைப் பொட்டிய மறந்துட்டான்னு திரும்ப ஓடுறான். அரை மணி அங்கயே போச்சு. என் சம்சாரம் மட்டும் மூணரைக்கே முன் சீட்டுல ஏறி ஒக்காந்துட்டா. மடியில ஒரு துணிப்பை, அதுக்குள்ள அந்தப் புடவை. நாள் முழுக்க அந்தப் பைய எறக்கி வைக்கல சார். பாம்புப் பண்ணையில எல்லாரும் மலைப்பாம்பப் பாக்குறாங்க, இவ பையப் புடிச்சுக்கிட்டு என் கைக்கடிகாரத்தப் பாக்குறா.

வழியில ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. நிறுத்தச் சொன்னேன். ஷீட்டுல இல்லதான், ஆனா அதெல்லாம் பாக்க வேண்டிய எடமா இல்லையா? எத்தனை பிளாட்பாரம், எத்தனை வண்டி, ஒண்ணு எடுக்கும்போது ஒண்ணு உள்ள வருது. எல்லாரையும் எறக்கி வரிசையா நிக்க வச்சு, வண்டி எப்படி எடுக்குறாங்கன்னு வெளக்கிச் சொன்னேன். எவளுக்கும் காதுல ஏறல, நிழலத் தேடி ஒதுங்குறாளுங்க. நான் அங்க இருந்த டைம்கீப்பர்கிட்ட போய் அறிமுகம் பண்ணிக்கிட்டேன். சின்ன வயசு. அவன் கட்டம் போட்டிருந்த விதம் எனக்குப் புடிக்கல, ஒக்காந்து சொல்லிக் குடுத்தேன். நல்ல புள்ள, தலையத் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டான். அம்பது நிமிஷம் இருக்கும். அதெல்லாம் லேட்டுக் கணக்குல வராது சார், அது அறிவுக்காகச் செலவு பண்ற நேரம்.

லேட்டு பண்ணது ஜோதிலிங்கம். மெரினாவுல வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டு தண்ணியில நிக்கிறான், நாப்பது நிமிஷம்னு எழுதியிருக்கு, எழுத்துல இருக்கு, அறுவது ஆச்சு. விசில் ஊதுறேன், கேக்கவே கேக்காத மாதிரி அலையப் பாத்து நிக்கிறான். அவன் சம்சாரமும் சேந்துக்கிட்டு சுண்டல் வாங்கித் தின்னுக்கிட்டு நிக்குது. ஒருத்தனால ஊரே கெட்டுச்சு.

மியூசியம் பாத்து முடிச்சு வெளிய வரும்போது மணி நாலே முக்காலு. ஷீட்டுப்படி மூணு மணிக்கெல்லாம் அங்கேருந்து எடுத்திருக்கணும். ஒம்பதரைக்கு ஊர்ல இருக்கணும்னு போட்டிருக்கு. என்ன பண்ணுவீங்க நீங்க? உங்களுக்குத் தெரியாது. எங்க டிபார்ட்மெண்டுல ஒரு முறை இருக்கு. வண்டி நாள் முழுக்க ஓடி லேட்டாயிருச்சுன்னா, கடைசி சிங்கிள கட் பண்ணிடுவோம். சிங்கிள்னா ஒரு பக்கத்து ஓட்டம். அந்த ஊர்ல ஆளுங்க நின்னுக்கிட்டிருப்பாங்க, நிக்கட்டும். மொத்த டைமையும் காப்பாத்தணும்னா கடைசியக் கழட்டித்தான் ஆகணும். ஆயிரம் தடவை பண்ணியிருக்கேன். வேனுக்குப் பக்கத்துல நின்னு, பேனாவ எடுத்து, கடைசி வரிய அடிச்சேன். கொருக்குப்பேட்டை கட், நேரா ஊருதான், எல்லாரும் ஏறுங்கன்னு சொன்னேன்.

அவ ஏற்கெனவே முன் சீட்டுல ஒக்காந்திருந்தா. ஜன்னல் வழியா என்னையப் பாத்து, அது எனக்குக் குடுத்த நேரம்ங்கன்னா. மெதுவாத்தான் சொன்னா. லேட்டாயிருச்சுல்ல, அடுத்த தடவை பாக்கலாம்னேன். அடுத்த தடவை எப்பன்னு கேட்டா. நான் வாட்ச்சப் பாத்தேன். அப்ப எறங்குனா சார். பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு எறங்குனா.

"எனக்காக வண்டி நிக்க வேணாம். நீங்க எடுங்க."

அப்படியே மியூசியம் கேட்டத் தாண்டி நடந்துட்டா. திரும்பிப் பாக்கல. உளுந்தூர்பேட்டையத் தாண்டித் தனியா ஒரு பஸ்ஸுல ஏறாதவ. எங்க போயிருவான்னு நெனைச்சேன். அஞ்சு நிமிஷம் குடுத்தேன். வழக்கமா ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷந்தான் குடுப்பேன், பொண்டாட்டிங்கறதால அஞ்சு. ஜோதிலிங்கம் எறங்கி, நான் போய்க் கூட்டியாறேன்னான். போடான்னேன். எல்லாரும் சேந்து, ஒரு எட்டு அங்க போயிட்டே போயிடலாம் டைம்கீப்பரேன்னு கெஞ்சுறாங்க. காலையில எழவு வீடு வேணாம்னு சொன்ன பொம்பளையே சொல்லுது. இப்படி ஆளாளுக்குச் சொன்னா வண்டி ஓடுமா? அஞ்சு நிமிஷம் முடிஞ்சுது. டிரைவரு என் மூஞ்சியப் பாத்தான். நான்தான் ரைட் குடுத்தேன்.

ஊரு வர்ற வரைக்கும் வேன்ல ஒருத்தரும் இடது பக்கமும் பாக்கல, வலது பக்கமும் பாக்கல. ஆனா ஒண்ணு சார், ஒம்பது இருவதுக்கெல்லாம் ஊரு வந்து சேந்துட்டோம். ஒம்பதரைன்னு போட்டிருந்தேன், பத்து நிமிஷம் முன்னாடியே. காலையில அவ்ளோ லேட்டு, கடல்ல அவ்ளோ லேட்டு, அப்படியும் பத்து நிமிஷம் மிச்சம். பிளான்னா அப்படி இருக்கணும். எறங்கும்போது ஜோதிலிங்கத்துகிட்ட வாட்ச்சக் காட்டினேன். அவன் என் வாட்ச்சப் பாக்கல, என்னையப் பாத்தான். வீட்டுச் சாவி அவ பையில இருந்துச்சு, அன்னிக்கு அவன் வீட்டுலதான் படுத்தேன்.

ரெண்டு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். எழும்பூர்ல ரயிலேறி, பீச் ஸ்டேஷன்ல மாறி, ஆளாளுக்கு வழி கேட்டு ஆறரைக்கெல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளாம். எங்க பையன் ஓசூர்லேருந்து போன் பண்ணிச் சொன்னான். சாவிய அவன்தான் அப்பறம் போய் வாங்கிக் கொண்டாந்து குடுத்தான். அன்னிக்குப் போன்ல, அம்மாவ விட்டுட்டு எப்படிப்பா வந்தீங்கன்னு கேக்குறான். நான் எங்கடா விட்டேன், அவதான எறங்குனான்னேன். போன வச்சுட்டான். படிக்க வச்ச புள்ள பேசுற பேச்சு.

ரெண்டு நாளு, ரெண்டு வாரமாச்சு. ஐப்பசி மழையில வந்துருவான்னேன், பொங்கலுக்கு வந்துருவான்னேன். ஏழு மாசம் சார். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. சோறு வடிக்கிறேன், ரசம் வைக்கிறேன், மணிக்கு மணி எல்லாம் நடக்குது. ஒரு மணிக்குச் சாப்பாடுன்னா ஒரு மணிக்குச் சாப்பாடு. தட்டுல போட்டதும் யாரு முன்னால வாட்ச்சப் பாக்குறதுன்னுதான் தெரியல. நல்லாத்தான் இருக்கேன்.

இன்னிக்குப் போனேன். அவளக் கூப்புடப் போகல, அதத் தெளிவா சொல்லிடுறேன். பென்ஷன் ஆபீஸ்ல ஒரு வேலைன்னு பையன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். பென்ஷன் ஆபீஸு ஞாயித்துக்கிழமை இருக்காதேன்னு அவன் கேக்கல, அந்த மட்டும் நல்லது. பத்து நாப்பதுக்கு அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சேன். நடந்து பாத்தேன் சார், மெயின் ரோட்டுலேருந்து ரெண்டு நிமிஷமில்ல, ஆறு நிமிஷம். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் குழாயடி, பாத்துக் கால வைக்கணும். போக ஆறு, வர ஆறு. பன்னிரண்டும் நடக்கவே சரியா இருந்திருக்கும். இத யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல.

மாடியில ஒரு ரூமு. தனகோட்டிதான் கதவத் தொறந்தா. வாங்க மாமான்னா. வேற ஒரு வார்த்தை பழசு பேசல, தண்ணி கொண்டாந்து குடுத்தா. அந்தப் புடவையத்தான் கட்டியிருந்தா, பீரோவுல எட்டு மாசம் இருந்த புடவை. சுவத்துல ஏகாம்பரம் போட்டோ, மாலை போட்டு. எனக்கு அந்த ஆளோட முகமே மறந்து போயிருந்துச்சு. நல்லாச் சிரிச்ச மொகம். இவன்கிட்டயா இத்தனை வருஷம் பேசாம இருந்தோம்னு தோணுச்சு. கையில இருந்த தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சேன்.

அஞ்சலாட்சி தரையில ஒக்காந்து தாள் மடிச்சுக்கிட்டிருந்தா. அச்சாபீஸ்லேருந்து கட்டுக் கட்டா வருதாம், அக்காவும் தங்கச்சியும் மடிச்சுக் குடுக்குறாங்களாம். வாங்கன்னா. கை நிக்கல. உடம்பு தேறியிருக்கா சார், அது எனக்குக் கோவமா வந்துச்சு. என்ன பண்ற இங்கன்னு கேட்டேன். தனகோட்டிதான் சொன்னா, ஞாயித்துக்கிழமை ஆனா மத்தியானத்துக்கு மேல ரெண்டு பேரும் ஒரு எடத்துக்குப் போவோம் மாமான்னு. ஒரு எடந்தானாம். போய் ஒக்காந்துருவாங்களாம். அந்த மியூசியத்துக்கு மட்டும் நாலு தடவை போயிருக்காங்க. ஒரு செலைக்கு எதுத்தாப்புல வாச்மேனு எழுப்புற வரைக்கும் ஒக்காந்து ஊர்க்கதை பேசுறாங்களாம். ஒரே எடத்த எதுக்கு நாலு தடவை பாக்கணும்? பிளானே இல்ல. ஏழு மாசத்துல மெட்ராஸுல கால்வாசிகூட முடிக்கல. நான் ஒரு நாள்ல எட்டு எடம் காட்டினேன்.

சரி கெளம்பு, வீடு போட்டது போட்டபடி கெடக்குன்னு சொன்னேன். அப்படித்தான் சொல்ல வந்துச்சு. வழியெல்லாம் வேற ஒண்ணு சொல்லணும்னு நெனைச்சு வந்தேன், வாய்க்கு வந்தது அதுதான். அவ ஒரு தாள மடிச்சு, நகத்தால நீவி, கட்டுல வச்சா. ஒரு நாள் வர்றேங்கன்னா.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. என்னைக்குன்னாலும் சரி, வேனே கொண்டாறேன், உன் தங்கச்சியையும் கூட்டிக்கோன்னேன். அவ என்னை நிமிந்து பாத்தா. இல்லிங்க, நான் சொன்னது ஒரு நாளு, காலையில வந்து சாயங்காலம் திரும்பிடுவேன்னா.

புரியுதுங்களா சார்? முப்பத்தாறு வருஷம் இருந்த வீட்டுக்கு ஒரு நாள் விசிட்டு. எல்லாம் முடிவு பண்ணி வச்சிருக்கா. வர்ற பத்தொம்பதாம் தேதி. பத்து மணிக்கு வந்து எறங்குறா. மொதல்ல எல்லையம்மன் கோயிலு. அப்பறம் ஜோதிலிங்கம் வீட்டுல கொஞ்ச நேரம், அந்தப் பொம்பளை போன்ல அழுவுதாம். பீரோவத் தொறந்து துணிமணி எடுக்கணும். பின்கட்டுல அவ வச்ச நார்த்தங்கன்னு காய் விட்டிருக்கான்னு பாக்கணும். பையன் ஓசூர்லேருந்து வர்றான், அவனுக்கு ஒக்காந்து நிதானமா சோறு போடணும். அஞ்சு மணிக்குத் திரும்ப வண்டி. ஒவ்வொண்ணா விரல மடிச்சுச் சொல்றா. அதுல ஒரு எடத்துல என் பேரு வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். விரலு தீந்துருச்சு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. கேட்டுட்டேன். எங்கிட்ட ஒக்காந்து பேசுறதுக்கு எவ்ளோ நேரம் வச்சிருக்கன்னு கேட்டேன். அவ சிரிக்கல, கோவப்படவும் இல்ல. நெசமாவே யோசிச்சுத்தான் சொன்னா.

"கடைசியில நேரம் இருந்தா பாக்கலாங்க."

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். கடைசின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. வண்டி லேட்டானா எது போகும்னு எனக்குத் தெரியும், நானே கையால அடிச்சவன். அவ வரப்போறது காலையில அஞ்சரைக்கு அங்கேருந்து எடுக்குற வண்டி. தாம்பரத்துல நெரிசலு, செங்கல்பட்டு டோல்கேட்டுல வரிசை, இந்த மாதிரி ஒம்பது நிமிஷத்த ஒண்ணுமில்லாம விடுற கண்டக்டரு. எத்தனை ஆயிரம் வண்டிக்கு மணி எழுதியிருக்கேன், ஒரு வண்டியும் நேரத்துக்கு வந்து சேரணும்னு நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டதில்ல. கொருக்குப்பேட்டையிலேருந்து இது வரைக்கும் அதத்தான் வேண்டிக்கிட்டு வர்றேன் சார்.